ஜோசப் லிஸ்டர் பெருமகனார்

நமது கல்லூரியின் விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் சரித்திரம் எழுதித் தருதல் வேண்டும் என மலர்க்குழுவினர் பணித்தபோது, யாரைப்பற்றி எழுதுவதென்று நாம் நெடுநேரம் எண்ணவில்லை. அரசரையும் புலவரையும் அருளாளரையும் பற்றி எழுதுதற்கு நம்மினும் தகுதியுடைய பழைய மாணவர் பலர் உளர். நாமோ கல்லூரியை விட்டு நீங்கிய பின், வாழ்நாளின் பெரும்பகுதியைச் சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் வைத்திய உதவியாளராய், மருந்துப் புட்டிகளோடும் கட்டுத்துணிகளோடும் கழித்தோம். ஆதலின் அந்தப் புட்டிகளுக்கும் துணிகளுக்கும் பொருள் தந்த ஒருவரைப்பற்றியே எழுதத் துணிந்தோம். அவர் ஆங்கில நாட்டுச் சத்திர வைத்தியர் ஜோசப் லிஸ்டர்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களை அறியாத இளைஞர்க்கு ஈண்டுச் சிறிது சொல்லல் வேண்டும். அவை மழைக்குப் பேர்போனவை. தாழ்ந்த சரிவுகளில் இறப்பர் மரங்கள். பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்து மலைகளில் தேயிலை. பள்ளத்து வயல்களில் மாணிக்கக் குழிகள். விடியற்காலையிற் பால்வெட்டச் செல்வோரின் கையில் கூரிய கத்தி, காலில் அட்டை, விரலிடுக்கில் சேற்றுப்புண். பெரட்டு முடிந்து அரைமணி கழியுமுன் மருந்துச்சாலைத் திண்ணையில் புண்ணோடு ஒருவராவது அமர்ந்திருப்பார். உள்ளே ஒரு மேசை. ஆயுதங்களைக் கொதிக்கவைக்கும் மண்ணெண்ணெய் அடுப்பு. சாளரத்தருகே கபில நிறப் புட்டியில் டிஞ்சர் அயடீன். கட்டியைக் கீறுமுன்னும் வெட்டுக்காயத்தைத் தைக்குமுன்னும் கத்தியைத் தொடாமல் அந்தப் புட்டியை முதலில் எடுக்கவேண்டும் என்பது நாம் கற்ற முதற்பாடம். ஏன் எடுக்கவேண்டும் என்பதை நெஞ்சிற் பதியக் கற்றதோ பின்னர், பிறர் துன்பத்தினால். அதனைப் பின்னே கூறுவோம்.

லிஸ்டர் 1827ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5ஆம் நாள், இலண்டனுக்கு அணித்தாயுள்ள எசெக்ஸ் மாகாணத்து அப்டன் என்னும் ஊரிற் பிறந்தார். குடும்பம் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சார்ந்தது. ஆடம்பரமின்மையும் அமைதியும் அவர்தம் நெறி. தந்தையார் தொழிலால் மதுவணிகர். ஆயினும் ஓய்வுநேரத்தில் கண்ணாடிகளைத் தேய்த்து ஆராய்ந்து, நுணுக்குக்காட்டியின் வில்லைகளில் வண்ணக்கறை தோன்றாதவாறு திருத்தும் வழியைக் கண்டு, அதனால் வேத்தியற் கழகத்தின் உறுப்பினராகவும் தெரியப்பட்டவர். கண்ணுக்குத் தெரியாச் சிற்றுயிர்களோடு வாழ்நாளெல்லாம் போர்புரியவிருந்த மகனுக்கு, அவற்றைக் காட்டுங் கருவியைத் தந்தையே செப்பஞ்செய்து வைத்திருந்தார் என்க.

ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் ஆகிய பழம்பெரும் பல்கலைக்கழகங்களில் குவேக்கருக்கு அந்நாளில் இடமில்லை. சமயம் கேளாது எல்லோரையும் ஏற்ற இலண்டன் யூனிவேசிற்றிக் கல்லூரியே லிஸ்டருக்குக் கதவு திறந்தது. சமயத்தின் பேரால் கல்விக்கூடத்து வாயிலில் தடைப்பட்டு நின்றவர் எந்நாட்டிலும் உண்டு. நம் கல்லூரி போன்ற நிறுவனங்கள் ஏன் எழுந்தன என்பதை அறிந்தோர்க்கு இது புதுமையன்று. அங்கே 1847இல் கலைப்பட்டம் பெற்றார். ஆனால் அக்காலத்திலேயே தமையனை இழந்த துயரும், தம்மைப் பற்றிய அம்மைநோயும் அவரை வாட்டின. உள்ளந் தளர்ந்து படிப்பை விட்டார். சிலகாலம் அயர்லாந்து முதலிய இடங்களில் அலைந்து தேறியபின் மீண்டும் வந்து வைத்தியம் பயின்றார். பேசும்போது நாத் தடுமாறும் குறையும் அவர்க்கு இருந்தது. பரீட்சையிலே தவறியும் மனமுடைந்தும் நிற்கும் மாணவர் இவ்விடத்தைச் சற்று ஊன்றிப் படிப்பாராக. 1852இல் வைத்தியப் பட்டமும் பெற்று, சத்திர வைத்தியர் கழகத்திலும் சேர்ந்தார்.

அந்நாளைய சத்திர வைத்தியம் எத்தகையது என்பதை இக்காலத்தார் எண்ணிப்பார்த்தலும் அரிது. 1846 முடிய, உணர்வோடிருக்கும் நோயாளியைப் பலர் அமுக்கிப் பிடிக்க, வைத்தியர் கண்ணிமைக்கும் நேரத்தில் காலை அறுத்தெடுப்பார். அவ்வாண்டு டிசம்பரில் லிஸ்டன் என்னும் புகழ்வாய்ந்த வைத்தியர் ஈதர் கொடுத்து இலண்டனிற் செய்த சிகிச்சையை மாணவராயிருந்த லிஸ்டரும் கண்டார் என்பர். பெயர் ஒற்றுமை கண்டு இருவரையும் ஒருவராகக் கொள்ளற்க. ஈதரும் குளோரோபாரமும் நோவை அகற்றின, சாவை அகற்றவில்லை. நோவில்லாமையால் வைத்தியர் துணிவு மிகுந்தது. முன்னே தொடாத இடங்களையும் கீறத் தொடங்கினர். காயம் அழுகி இறந்தவர் தொகையும் அதற்கேற்ப மிகுந்தது. வைத்தியர் அணியும் மேலங்கி பழைய இரத்தத்தால் விறைத்து நிற்கும். அஃது அனுபவத்தின் அடையாளமெனப் போற்றப்பட்டது. ஒருவர் புண்ணைத் தொட்ட கை, நீரிற் கழுவப்படாமலே அடுத்தவர் புண்ணுக்குச் செல்லும். சீழ் பிடித்தலைக் காயம் ஆறும் வழியென்றே சிலர் எண்ணினர். கெட்ட காற்றே அழுகலுக்குக் காரணம் என்றனர் வேறு சிலர்.

1853இல் லிஸ்டர் எடின்பரோ நகர் சென்று சைம் என்னும் பேராசானிடம் பணியில் அமர்ந்தார். சில கிழமைகள் தங்கச் சென்றவர் ஆண்டுக்கணக்கில் தங்கினார். ஆசானின் மகள் ஆக்னெஸ் என்பாரை 1856இல் மணந்துகொண்டார். வேறு பிரிவுக்குரிய பெண்ணை மணத்தலால் குவேக்கர் சபையினின்றும் நீங்க நேர்ந்தது. மணமக்கள் தேனிலவுக்கென்று ஐரோப்பா சென்றும் ஆஸ்பத்திரிகளையே சுற்றிப் பார்த்தனர். பிள்ளைப்பேறு வாய்க்காத அவ்வம்மையார் கணவரின் ஆராய்ச்சிக் குறிப்புகளையெல்லாம் தம் கைப்பட எழுதி வைத்தார். லிஸ்டரின் குறிப்பேடுகளிற் பாதிக்குமேல் யாருடைய கையெழுத்து என்று கேட்டால், வைத்திய வரலாறு அந்த அம்மையாருக்குச் செலுத்தவேண்டிய கடன் விளங்கும்.

1860இல் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்திற் சத்திர வைத்தியப் பேராசிரியராயினார். அடுத்த ஆண்டு அந்நகர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் விடுதிகள் அவர் பொறுப்பில் வந்தன. புதிய கட்டடம், உயர்ந்த கூரை, நல்ல காற்றோட்டம். ஆயினும் சாவு குறையவில்லை. விடுதியின் சுவரை அடுத்து மண்ணுக்குச் சிறிது கீழே, 1849ஆம் ஆண்டு வாந்திபேதியில் இறந்தோரின் பெட்டிகள் அடுக்கிப் புதைக்கப்பட்டிருந்தமை பின்பு தெரியவந்தது. காற்றே காரணம் என்பார்க்கு இது பெரிய சான்றாயிற்று. லிஸ்டர் உள்ளத்திலோ வேறொரு வினா எழுந்தது. எலும்பு முறிந்தும் தோல் கிழியாதிருந்தால் நோயாளி பிழைக்கிறார். அதே எலும்பு தோலைக் கிழித்து வெளியே தோன்றினால் அழுகி இறக்கிறார். இருவரும் கிடப்பது ஒரே விடுதி; உட்கொள்வது ஒரே காற்று. வேறுபாடு தோல் ஒன்றே.

இந்த வினாவோடு அவர் இருந்தபோது, இரசாயனப் பேராசிரியர் அண்டர்சன் என்பார், பிரான்சு நாட்டில் பாஸ்டர் வெளியிட்ட கட்டுரைகளை அவர் கவனத்துக்குக் கொணர்ந்தார். மது புளிப்பதும் பால் திரிவதும் தாமாக நிகழ்வனவல்ல, நுண்ணுயிர்களால் நிகழ்வன என்று பாஸ்டர் நிறுவியிருந்தார். மதுவணிகர் மகனுக்கு இது விளங்குதற்கு நெடுநேரம் வேண்டியிருக்கவில்லை. மதுவைக் கெடுப்பது உயிரானால் தசையைக் கெடுப்பதும் உயிராகலாம் அன்றோ! மதுவைச் சூடாக்கலாம், மனிதனைச் சூடாக்கல் இயலாது. வடிகட்டலும் ஆகாது. மருந்தினாற் கொல்லும் வழியொன்றே எஞ்சியது.

கார்லைல் என்னும் ஊரிலே சாக்கடைநீரின் நாற்றத்தைப் போக்க நிலக்கரித் தாரினின்றும் பெற்ற கார்போலிக் அமிலத்தை ஊற்றினர் என்றும், அந்நீர் பாய்ந்த புல்வெளியில் மேய்ந்த மாடுகளுக்கு ஒட்டுண்ணி நோய் குறைந்தது என்றும் அவர் கேள்விப்பட்டார். சாக்கடை மருந்தை மனிதன் புண்ணிலிடுவது சிறிய துணிவன்று. 1865 மார்ச்சிற் செய்த முதல் முயற்சி பலிக்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள், ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்னும் பதினொரு வயதுச் சிறுவன், வண்டிச் சக்கரம் ஏறி இடது கால் முறிந்து, காயம் பிளந்தவாறே கொண்டுவரப்பட்டான். முன்னைய வழக்கப்படி காலைத் துண்டித்தல் வேண்டும். லிஸ்டர் துண்டிக்கவில்லை. காயத்தைக் கார்போலிக் அமிலத்தால் துடைத்து, அதில் தோய்த்த துணியை வைத்துக் கட்டினார். நான்கு நாள் கழித்துக் கட்டை அவிழ்த்தபோது சீழ் நாற்றம் இல்லை. சுற்றியிருந்த தோல் மட்டும் மருந்தின் கடுமையால் வெந்திருந்தது. ஆதலால் மருந்தை நீர்ப்பித்தார். ஆறு கிழமையில் எலும்பு கூடிற்று. சிறுவன் தன் இரு கால்களாலும் வீடு சென்றான்.

இதிலே நெஞ்சை உருக்கும் செய்தியொன்றுண்டு. வைத்தியர் கைகளைக் குளோரின் கலந்த நீரிற் கழுவினால் பிரசவத் தாய்மார் சாவு குறையும் என்று 1847இலேயே வியன்னாவிற் காட்டியவர் செம்மல்வைஸ் என்னும் ஹங்கேரிய வைத்தியர். உலகம் அவரை ஏற்கவில்லை. சித்தங் கலங்கி மனநோய் விடுதியில் அடைக்கப்பட்ட அவர், இரணம் விடமேறி 1865 ஆகஸ்ட் 13ஆம் நாள் இறந்தார். கிளாஸ்கோச் சிறுவன் காலிற் கட்டுப் போட்டதற்கு மறுநாள் அது.

1867இல் லிஸ்டர் தம் முறையை லான்செட் என்னும் வைத்திய வெளியீட்டிற் கட்டுரைகளாக எழுதினார். அதே 1867இலேயே நம் யாழ்ப்பாணத்து மானிப்பாயில், அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் அவர்கள், ட்றூயிற் என்பார் ஆங்கிலத்தில் எழுதிய சத்திர வைத்திய நூலைத் தமிழாக்கி இரணவைத்தியம் என்னும் பெயரில் வெளியிட்டார். தமிழ் மாணவர் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்கலாம் என்று நிறுவியவர் அப்பெரியார். ஆங்கில மூலம் லிஸ்டரின் கட்டுரைகளுக்கு முந்தியதாதலின், புதிய முறையை அதிலே தேடுவார் ஏமாறுவர். தமிழிற் சத்திர வைத்தியமும் மேனாட்டிற் கிருமிநீக்க முறையும் ஒரே ஆண்டில் அச்சேறியும் ஒன்றையொன்று காணாது சென்றன.

கணக்குகள் பேசின. கிளாஸ்கோவில் புதிய முறைக்கு முன் உறுப்புத் துண்டிக்கப்பட்ட 35 பேரில் 16 பேர் இறந்தனர். முறை வந்தபின் 40 பேரில் 6 பேரே இறந்தனர். எண்ணிக்கை சிறிதுதான். இக்காலப் புள்ளிவிவர வல்லுநர் பல கேள்வி கேட்பர். ஆயினும் அந்த விடுதியிற் படுத்திருந்தவனுக்கு அந்த வேற்றுமை போதுமானதே.

எல்லோரும் உடனே ஏற்றனர் எனக் கருதற்க. குளோரோபாரம் கண்ட சிம்சனே எதிர்த்தார். கார்போலிக் அமிலத்தைப் பிறர் முன்னரே பயன்படுத்தியுள்ளனர் என்றனர் சிலர். பயன்படுத்தியதும் உண்மையே, ஆயின் ஏன் என்றறிந்து, புண்ணுக்கும் கைக்கும் ஆயுதத்துக்கும் தோலுக்கும் ஒரே ஒழுங்கில் அதனைக் கையாண்டவர் லிஸ்டரே. கண்ணுக்குத் தெரியாத உயிரை நம்ப மறுத்தவர்க்காக அவர் வளைந்த கழுத்துடைய குப்பிகளில் சிறுநீரைக் காய்ச்சி வைத்துக் கெடாதிருத்தலைக் காட்டினார். 1869இல் எடின்பரோவுக்குப் பேராசிரியராக மாறிச் சென்றபோது, அக்குப்பிகளை மடியில் வைத்துக்கொண்டே புகைவண்டியிற் பயணஞ்செய்தார். உடன் பயணஞ்செய்தவர் என்ன எண்ணினரோ!

இனி நாம் சொல்லவந்த பொருளுக்கு வருவோம். லிஸ்டர் கத்தியெடுக்குமுன் நோயாளியின் தோலை இருபதில் ஒரு பங்கு கார்போலிக் அமிலங் கலந்த நீரால் நனைத்துத் துடைத்தார். தம் கைகளையும் ஆயுதங்களையும் அவ்வாறே தூய்மைசெய்தார். கட்டியைக் கீறும்போது மருந்தெண்ணெயில் தோய்த்த துணியைத் தோல்மேல் விரித்து, அதன் மறைவிலே கீறினார். ஆனால் 1871இலிருந்து அவர் கவனம் வேறிடம் சென்றது. காற்றிலுள்ள கிருமிகளைக் கொல்லக் கார்போலிக் புகாரைத் தூவும் பொறியொன்றை அமைத்தார். அவ்வாண்டு விக்டோரியா மகாராணியாரின் அக்குளில் எழுந்த கட்டியைப் பால்மோரல் அரண்மனையிற் கீறியபோதும் அப்பொறி இயங்கிற்று. பத்தாண்டுக்கு மேலாகச் சத்திர அறைகளில் அந்தப் புகார் மூக்கையும் கண்ணையும் எரித்தது; வைத்தியர் கைகள் வெளுத்து வெடித்தன.

பின்னர் ஆராய்ச்சிகள் வளர வளர, காயத்தைக் கெடுக்குங் கிருமிகளில் காற்றால் வருவன சில, கையாலும் ஆயுதத்தாலும் நோயாளியின் சொந்தத் தோலாலும் வருவனவே பல என்பது தெளிவாயிற்று. லிஸ்டர் பொறியை நிறுத்தினார். நிறுத்தியதோடமையாமல், 1890இல் பெர்லின் நகரிற் கூடிய உலக வைத்தியர் மகாநாட்டில், அதனை ஒருகாலத்தில் தாம் வற்புறுத்தியமைக்கு வெட்கப்படுவதாக எல்லோரும் கேட்கச் சொன்னார். உலகப்புகழ் பெற்ற அறுபத்து மூன்று வயதுப் பெரியார் ஒருவர், தம் பெயரோடு ஒட்டிய கருவியைத் தாமே தள்ளிவைத்தார். அவருடைய பட்டங்களையும் விருதுகளையும்விட இந்த ஒரு செயலையே நாம் பெரிதாக மதிக்கிறோம். இவ்வளவு சொல்வதற்கும் காரணம் உண்டு. எம் தவறொன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது.

1964ஆம் ஆண்டளவில், இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாம் புதிதாய்ப் பணியேற்றிருந்தோம். தோட்டத்தின் பெயர் வேண்டா. முதிய கங்காணியார் ஒருவர் தோளில் எலுமிச்சங்காய் அளவிற் கொழுப்புக்கட்டி. வலியில்லை; கூடை தூக்குவார்க்கும் சுமை ஏற்றுவார்க்கும் கைகொடுக்கும்போது உறுத்துகிறது என்றார். சிறிய வேலைதானே என்று நாமும் இசைந்தோம். முதல்நாள் மாலையே சவரக்கத்தியால் அவ்விடத்து மயிரைச் சுத்தமாய் மழித்தோம். மறுநாள் காலை மழை கொட்டியது. மலையிலிருந்து நேரே வந்தவர், சட்டையைக் கழற்றித் துண்டால் முதுகை ஒருமுறை ஒற்றியபடி உட்கார்ந்தார். திண்ணையில் இருபது பேர் காத்திருந்தனர். ஈரமும் எண்ணெயும் மண்ணும் இருந்த தோல்மேலே அயடீனைத் தடவினோம். உலரும்வரை நில்லாமற் கீறினோம். கட்டியை எடுத்துத் தைத்தோம். நம் கைத்திறமையை நாமே மெச்சிக்கொண்டோம்.

ஐந்தாம் நாள் காய்ச்சல். ஆறாம் நாள் தையலுக்கிடையே சீழ். பென்சிலின் ஊசி போட்டும் தணியாமற் பெரிய ஆஸ்பத்திரிக்கு லொறியில் ஏற்றி அனுப்பினோம். ஐந்து வாரம் அங்கே கிடந்தார். தோட்டத்தில் வேலைக்கு நின்ற நாளுக்கே பேர் விழும்; அவ்வைந்து வாரமும் அவர்க்குப் பேர் விழவில்லை. ஆவணியில் நிச்சயித்திருந்த மகளின் கலியாணம் தைக்குத் தள்ளிப்போயிற்று. அவரோ எம்மைக் குறைகூறவில்லை, தலையெழுத்து என்றார். குறைகூறியிருந்தால் எமக்கு இலேசாயிருந்திருக்கும். ஆஸ்பத்திரி வைத்தியர் எம்மைக் கண்டபோது இரண்டே வினாக்கள் கேட்டார்: தோலை எப்போது கழுவினாய், மருந்து உலர்ந்ததா. இரண்டுக்கும் எம்மிடம் விடையில்லை.

அவர் விளக்கிச் சொன்னவற்றையும் பின்னர் நாம் படித்தவற்றையும் சேர்த்து இங்கே தருகிறோம். தோலில் வாழும் கிருமிகள் இருவகையின. மண்ணிலிருந்தும் பிறர் கையிலிருந்தும் வந்து ஒட்டுவன ஒருவகை. இவை சவர்க்காரமும் நீரும் பட்டால் பெரும்பாலும் நீங்கும். மயிர்க்கால்களிலும் நெய்ச்சுரப்பிகளிலும் நிலையாய்க் குடியிருப்பன மற்றொருவகை. இவற்றை எவ்வளவு தேய்த்தாலும் முற்றாக ஒழித்தல் இயலாது; மருந்தினால் தொகையைக் குறைக்கலாம், சிலமணி நேரம் தலையெடாமல் அடக்கலாம். தோலின் மேலிருக்கும்வரை அவை தீங்கற்ற குடிகள். கத்தி வாயில் திறந்து உள்ளே கொண்டுசென்றால் அவையே பகைவர். ஆகவே முதலிற் கழுவல், பின் துவட்டல், அதன்பின் மருந்து, மருந்து தானே உலரும்வரை பொறுத்தல் என்னும் ஒழுங்கில் எதனையும் விடலாகாது. அன்று ஆஸ்திரிய ஹங்கேரிப் பேரரசைச் சார்ந்திருந்த ஃபியூமே நகரத்துச் சத்திர வைத்தியர் குரோசிக் என்பவரே, 1908இல், சத்திர சிகிச்சைக்கு முன் தோலில் டிஞ்சர் அயடீன் தடவும் வழக்கத்தைப் பரப்பியவர். உலர்ந்த தோலிற்றான் அஃது ஊடுருவும், ஈரத்தோலில் ஊடுருவாது என்பதை அவரே வற்புறுத்தினார். மழையில் நனைந்த முதுகில் நாம் தடவியது வண்ணமே, மருந்தன்று.

முதல்நாள் மழித்ததும் பிழையென்பது அந்த வைத்தியருக்கே அன்று தெரியாது. எல்லோரும் அவ்வாறே செய்தனர். சவரக்கத்தி தோலிற் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்குகிறது. இரவெல்லாம் அக்கீறல்களிற் கிருமி பெருகுகிறது. 1971இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கத்தியால் மழிக்கப்பட்டவருள் நூற்றுக்கு 5.6 பேர்க்குக் காயம் சீழ்ப்பிடித்தது. மழிக்கப்படாதவர்க்கும் மயிர்நீக்கும் மருந்து பூசப்பட்டவர்க்கும் 0.6 மட்டுமே. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட நெறிமுறைகளும் மயிரை அகற்றாது விடுக, அகற்றியே ஆகவேண்டுமாயின் கத்தரிப்புக் கருவியால் மட்டும் வெட்டுக, சவரக்கத்தி கூடாது என்கின்றன. எம் கங்காணியாருக்குச் சுத்தமென்று நாம் செய்த வேலையே தீங்காய் முடிந்தது.

எந்த மருந்து சிறந்தது என்னும் வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. 2010இல் அமெரிக்க ஆய்வொன்றில் 849 நோயாளர்களை வைத்துப் பார்த்தபோது, மதுசாரங் கலந்த குளோரெக்சிடீன் தடவியவரில் நூற்றுக்கு 9.5 பேர்க்கும், பொவிடோன் அயடீன் தடவியவரில் 16.1 பேர்க்கும் தொற்று ஏற்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் முன்னதையே பரிந்துரைத்தது. ஆனால் 2021இல் இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 5,788 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் இரண்டுக்கும் வேற்றுமை தென்படவில்லை. விலைமலிந்த அயடீனையே நம்பியிருக்கும் சிற்றூர் வைத்தியசாலைகட்கு இஃது ஓர் ஆறுதல். மதுசாரங் கலந்தது தேங்கி நின்றால், மின்கருவியின் பொறிபட்டுத் தீப்பற்றும் என்பதையும் வைத்தியத்துறை செல்லும் மாணவர் நினைவிற்கொள்க. எந்த மருந்தாயினும் உலரும்வரை பொறுத்தல் வேண்டும் என்பதில் மட்டும் வழக்கில்லை.

லிஸ்டரின் சரித்திரத்துக்கு மீள்வோம். 1877இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தார். தலைநகர் அவரை அன்போடு வரவேற்கவில்லை. அவ்வாண்டு அக்டோபரில், முழங்காற் சில்லு உடைந்த ஒருவருக்கு, மூட்டைத் திறந்து வெள்ளிக் கம்பியாற் பிணைத்தார். நலமாயிருந்த மூட்டைத் திறப்பது கொலைக்குச் சமானம் என்று அந்நாளில் எண்ணினர். நோயாளி இறந்தால் வழக்குத் தொடரவேண்டும் என்று பேசியோரும் உளர். நோயாளி பிழைத்தார். நடந்தும் சென்றார். அதன்பின் எதிர்ப்பு மெல்ல அடங்கிற்று. கடலுக்கு அப்பாலோ, 1881இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்ட் குண்டடிபட்டபோது, கழுவாத விரல்களால் வைத்தியர் பலர் காயத்தைத் துழாவினர். இரண்டரை மாதம் துன்புற்று அவர் இறந்தார்.

1892 டிசம்பரிற் பாரிஸ் நகரில் பாஸ்டரின் எழுபதாம் பிறந்தநாள் விழா. நோயால் தளர்ந்த பாஸ்டர் எழுந்து வந்து லிஸ்டரைத் தழுவிக்கொண்டார். அடுத்த ஆண்டு இத்தாலியில் ஓய்வுக்குச் சென்ற இடத்தில் ஆக்னெஸ் அம்மையார் சிலநாள் நோயிலே காலமானார். அதன்பின் லிஸ்டர் சத்திர சிகிச்சையிலும் ஆராய்ச்சியிலும் பெரும்பாலும் ஈடுபட்டாரல்லர். வேத்தியற் கழகத் தலைமையும், பிரபுப் பட்டமும் பிறவும் வந்து சேர்ந்தன. வாய் கொப்பளிக்கும் மருந்தொன்றுக்கும் ஒருவகைக் கிருமிக்கும் அவர் பெயர் இடப்பட்டது. தோட்டத்து லயங்களிற் சிவப்புச் சவர்க்காரம் மணந்தபோதெல்லாம் எமக்கு அவர் நினைவே வரும். அந்த நெடி கார்போலிக்கின் நெடி.

1912 பெப்ரவரி 10ஆம் நாள், கெண்ட் மாகாணத்து வால்மர் என்னும் கடற்கரையூரில், எண்பத்து நான்காம் வயதில் இறந்தார். நாட்டின் பெரியோரை அடக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடமளிக்க நாட்டார் விரும்பினர். அவர் விருப்பப்படி ஹாம்ஸ்டெட் இடுகாட்டிலே மனைவியார் பக்கத்தில் அடக்கினர். அவ்வாண்டிலேயே இலங்கையில் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகட்கான புதிய சட்டம் இயற்றப்பட்டது. எம்போன்றோர் தோட்டந்தோறும் மருந்துச்சாலை நடத்தியது அச்சட்டத்தின் வழியேயாம்.

கங்காணியார் கதையில் ஒரு மிச்சம் உண்டு. இரண்டாண்டு கழித்து மற்றைத் தோளிலும் அதேபோற் கட்டி எழுந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்லுமாறு நாம் எவ்வளவோ சொன்னோம். அவர் கேட்கவில்லை, எம்மிடமே வந்தார். அன்றும் மழைதான். குழாயடியில் நிறுத்தி இருமுறை சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினோம். உலர்ந்த துணியால் துவட்டி, அயடீன் தடவி, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றோம். குளிரில் நடுங்கியவாறு, ஒரு சிறு கட்டிக்குக் கலியாண மாப்பிள்ளைபோல இவ்வளவு குளிப்பாட்டலா என்று அவர் ஓடலியிடம் முணுமுணுத்தார். எட்டாம் நாள் தையல் பிரித்தோம், சீழ் இல்லை.